லத்தீன் பூசைக்கு முதல் தடவ போறீங்களா? முதல் மூணு மாசம் இப்படி ஆரம்பிங்க

பாரம்பரிய லத்தீன் பூசை, அதாவது லத்தீன்ல நடக்கிற பழைய முறை கத்தோலிக்க பூசை, நடக்கிற ஒரு சாப்பலுக்கு (சின்ன கோயிலுக்கு) போகணும்னு ஆசையா இருக்கு, ஆனா எங்க உக்காரணும் எப்ப எந்திரிக்கணும்னே தெரியாது, மொழி வேற புரியாது, தப்பா ஏதாவது பண்ணிட்டா எல்லாரும் திரும்பி பாப்பாங்களோன்னு தயங்குறவங்க நிறைய பேர் எங்கிட்ட கேட்டிருக்காங்க. நானும் அந்த தயக்கத்தோடதான் போனேன், ரெண்டு வயசு பையன இடுப்புல வச்சிக்கிட்டு. இப்ப வருஷக்கணக்கா குடும்பத்தோட போறோம். அன்னிக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவு உதவியா இருந்திருக்கும்னு தோணுற விஷயங்கள மட்டும் இங்க எழுதுறேன்.

முதல் நாளே எல்லாம் புரியணும்னு போகாதீங்க. கூட இருக்கணும்னு போங்க. பூசைங்கிறது கல்வாரில சேசு சிலுவைல செஞ்ச அதே பலி, ரத்தம் சிந்தாத விதமா பீடத்துல நடக்குது, இதுதான் நாம ஞானோபதேசத்துல படிச்சது. கல்வாரில மாதாவும் அருளப்பரும் (யோவான்) என்ன பண்ணாங்க? சிலுவை பக்கத்துல நின்னாங்க. எந்த வார்த்தையும் அவங்கள சொல்லச் சொல்லி யாரும் கேக்கல, ஆனா அவங்கள விட அந்த பலியில அதிகமா பங்கெடுத்தவங்க யாருமே இல்ல. இத மனசுல வச்சிட்டு உள்ள போனீங்கன்னா மொழி புரியலயேங்கிற பயம் பாதி போயிடும்.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் விசாரிச்சுக்கோங்க. அந்த சாப்பல்ல பூசை வைக்கிற குருவானவர் எந்த ஆயருக்கு கீழ, இல்ல எந்த சபைக்கு கீழ இருக்கார்னு கேளுங்க, இத கேக்குறது மரியாதக்குறைவு இல்ல. லத்தீன் பூசைன்னு சொன்னாலே எல்லாம் ஒண்ணு இல்ல. மறைமாவட்ட ஆயரோட அனுமதியோட நடக்கிறது இருக்கு, 1988ல ரோமோட முழு ஒன்றிப்புல ஆரம்பிச்ச புனித இராயப்பர் குருத்துவ சபை மாதிரி சபைகள் நடத்துறது இருக்கு, பேராயர் லெபேவ்ர் 1970ல ஆரம்பிச்ச, ரோமோட முழு ஒன்றிப்புல இல்லாத புனித 10ஆம் பயஸ் சபையோடது இருக்கு, இப்ப உண்மையான பாப்பரசரே இல்லைன்னு சொல்ற ஆளுங்க நடத்துறதும் இருக்கு. 2007ல 16ஆம் பெனடிக்ட் பாப்பரசர் இந்த பழைய பூசைய எல்லா குருக்களும் வைக்கலாம்னு தாராளமா திறந்துவிட்டார், 2021ல பிரான்சிஸ் பாப்பரசர் அத மறுபடி ஆயர்களோட அனுமதிக்கு கீழ கொண்டுவந்து நிறைய கட்டுப்பாடு வச்சார், அதனால போன வருஷம் பூசை நடந்த இடத்துல இந்த வருஷம் நடக்காம இருக்கலாம், நேரமும் மாறியிருக்கலாம். முந்தின நாள் ஒரு போன் போட்டு கேட்டுட்டு கிளம்புங்க.

சனிக்கிழமை ராத்திரியே ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சிடுதுன்னு வச்சுக்கோங்க. துணி எடுத்து வைக்கிறது, பிள்ளைங்க ஷூ எங்கன்னு தேடி வைக்கிறது எல்லாம் அப்பவே முடிச்சிடுங்க. எந்த துணின்னா, ஒரு பெரிய மனுஷர பாக்க போனா எப்படி போவீங்களோ அதுக்கு கொஞ்சமும் குறையாம. தோள் மூடியிருக்கணும், முட்டிக்கு கீழ வரணும், இறுக்கமா இல்லாம இருக்கணும். ஆம்பளைங்க முழு பேன்ட் இல்ல வேட்டி, சட்டை, டிஷர்ட் வேண்டாம். பொம்பளைங்க தலைய மூடுறது பத்தி நிறைய கேள்வி வருது. புனித சின்னப்பர் (பவுல்) கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 11ஆம் அதிகாரத்துல வர்ற பழக்கம் இது, 1917 திருச்சபை சட்டத்துல எழுத்திலேயே இருந்துச்சு, 1983ல வந்த இப்போதைய சட்டத்துல அது இல்ல. அதனால முக்காடு போடாம போனா பாவம்னு யாராவது சொன்னா அது சரியில்ல. ஆனா பெரும்பாலான பாரம்பரிய சாப்பல்ல எல்லா பொம்பளைங்களும் போட்டிருப்பாங்க, முந்தானையோ துப்பட்டாவோ போதும். நான் முதல்ல மத்தவங்க போட்டிருக்காங்களேன்னுதான் போட்டேன், கொஞ்ச நாள்ல அதுக்குள்ள ஒரு அமைதி இருக்கிறது தெரிஞ்சிது, பக்கத்துல யார் வர்றாங்க யார் போறாங்கன்னு கண்ணு அலையிறது குறைஞ்சிடுச்சு.

உபவாசம். நன்மை, அதாவது நற்கருணை, வாங்குறதா இருந்தா இப்போதைய சட்டப்படி நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இருந்து சாப்பிடக்கூடாது, தண்ணியும் மருந்தும் பரவாயில்ல. முன்னாடியெல்லாம் ராத்திரி 12 மணில இருந்து பச்சத்தண்ணி கூட கிடையாது, 12ஆம் பயஸ் பாப்பரசர் 1953ல தண்ணி குடிக்கலாம்னு விட்டார், 1957ல அத மூணு மணி நேரமா குறைச்சார், 1964ல 6ஆம் சின்னப்பர் பாப்பரசர் ஒரு மணி நேரம்னு ஆக்கினார். இந்த சாப்பல்கள்ல நிறைய பேர் மூணு மணி நேரத்த இன்னும் விருப்பப்பட்டு கடைபிடிக்கிறாங்க, சிலர் நடுராத்திரில இருந்தே. உங்களால முடிஞ்சா செய்ங்க, கர்ப்பிணிங்க, சுகர் இருக்கிறவங்க, பால் குடுக்கிற அம்மாங்க இதுல வீரம் காட்ட வேண்டாம்.

பாவசங்கீர்த்தனம், அதாவது ஃபாதர்கிட்ட பாவங்கள சொல்லி மன்னிப்பு வாங்குறது, பெரும்பாலும் பூசைக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சிடும், ஃபாதர் பூசைக்கு உடை மாத்த போறப்ப நின்னுடும், அதனால கடைசி நேரத்துல போய் லைன்ல நிக்காதீங்க. ரொம்ப வருஷமா பண்ணாதவங்க பயப்படவே வேண்டாம், உள்ள போனதும் "ஃபாதர், இத்தன வருஷமாச்சு, எப்படி சொல்றதுன்னு மறந்துபோச்சு, உதவி பண்ணுங்க"ன்னு ஆரம்பிச்சா போதும், மிச்சத்த அவர் பாத்துக்குவார். ராத்திரியே ஆத்தும சோதனை, அதாவது என்னென்ன பாவம் பண்ணோம்னு யோசிச்சு பாக்குறத, பண்ணிட்டு போங்க. சாவான பாவம் (ரொம்ப பெரிய பாவம்)னா எந்த பாவம், எத்தன தடவன்னு சொல்லணும், கதையா சொல்ல வேண்டாம், அடுத்தவங்க செஞ்ச தப்பையும் சேத்து சொல்ல வேண்டாம். பாவத்துக்கு வருத்தப்பட்டு சொல்ற மனஸ்தாப மந்திரம் மறந்திருந்தா ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க.

இப்ப உள்ள போறீங்க. வாசல்லயே பேச்ச நிறுத்திடுங்க, போன ஆஃப் பண்ணுங்க, வெறும் சைலன்ட் போதாது. தீர்த்தம் தொட்டு சிலுவை அடையாளம் போட்டு, பெஞ்சுக்குள்ள போறதுக்கு முன்னாடி நற்கருணை பேழைய பாத்து வலது முட்டி தரைய தொடுற மாதிரி மண்டியிட்டு எந்திரிங்க. நற்கருணை வெளிய கதிர்பாத்திரத்துல எல்லாரும் பாத்து ஆராதிக்க வச்சிருந்தா ரெண்டு முட்டியும் போட்டு தலை குனியணும். முட்டி வலி இருக்கிறவங்க தலை குனிஞ்சாலே போதும். உக்கார்றது நடுவுல இல்ல கொஞ்சம் பின்னாடி. நான் முதல் தடவ முன் வரிசைல போய் உக்காந்துட்டேன், முன்னாடி பாத்து எந்திரிக்கிறதுக்கு ஆளே இல்லாம ஒரு மணி நேரமும் கழுத்த திருப்பி திருப்பி பின்னாடி பாத்துட்டே இருந்தேன், பலிய விட்டுட்டு மத்தவங்க முட்டியத்தான் பாத்தேன். பின்னாடி உக்காந்தா முன்னாடி இருக்கிறவங்க செய்றத அப்படியே செய்யலாம், வேற எதுவும் தெரியவேண்டாம்.

இருந்தாலும் கொஞ்சம் சொல்லிடுறேன். பாட்டு இல்லாத சின்ன பூசைன்னா பெரும்பாலும் ஆரம்பத்துல இருந்தே முழங்கால், சுவிசேஷத்துக்கு நிக்கணும், பிரசங்கத்துக்கு உக்காரணும், விசுவாச மந்திரத்துக்கு நின்னு அதுல "எத் இன்கார்னாத்துஸ் எஸ்ட்" வர்றப்ப மண்டியிடணும், அப்புறம் காணிக்கைக்கு உக்காந்து, "பரிசுத்தர்"னு மூணு தடவ சொல்ற சாங்துஸுக்கு மணி அடிச்சதும் முழங்கால், நன்மை முடியிற வரைக்கும் அப்படியே. கடைசி ஆசீர்வாதம் முழங்கால்ல வாங்கிட்டு, கடைசி சுவிசேஷத்துக்கு எந்திரிக்கணும், அதுல "எத் வேர்பும் காரோ ஃபாக்தும் எஸ்ட்"ங்கிற இடத்துல, அதாவது வார்த்தை மாம்சமானார்ங்கிற இடத்துல, மறுபடி எல்லாரும் மண்டியிடுவாங்க. பாட்டு பூசைல இன்னும் கொஞ்சம் நிறைய நிப்பாங்க. இடத்துக்கு இடம் சின்ன சின்ன வித்தியாசம் இருக்கும், அதுக்காக யாரும் உங்கள குத்தம் சொல்லமாட்டாங்க.

ஃபாதர் நமக்கு முதுகு காட்டி நிக்கிறார்னு முதல்ல ஒரு மாதிரி தோணும். அவர் நம்ம எல்லாரையும் முன்னாடி நின்னு கூட்டிட்டு போறார், நாம எல்லாரும் ஒரே பக்கம் பாத்து நிக்கிறோம், சிலுவைய பாத்து. அவர் நம்மகிட்ட பேசறப்ப மட்டும் திரும்புவார், "தோமினுஸ் வோபிஸ்கும்", ஆண்டவர் உங்களோடு இருப்பாராக. கடவுள்கிட்ட பேசறப்ப கடவுள் பக்கம்.

இந்த பூசையோட அமைப்பு 16ஆம் நூற்றாண்டுல ஆயர்கள் கூடின திரிதெந்து சங்கத்துக்கு அப்புறம் 1570ல 5ஆம் பயஸ் பாப்பரசர் வெளியிட்ட பூசை புத்தகத்துல இருந்து வருது, ஆனா அவர் புதுசா எதையும் கட்டல, நடுவுல இருக்கிற நற்கருணை மன்றாட்டு பெரிய கிரகோரியார் காலத்துல, அதாவது 604க்கு முன்னாடியே, கிட்டத்தட்ட இதே வடிவத்துல இருந்தது. இப்ப பெரும்பாலான சாப்பல்ல இருக்கிறது 23ஆம் ஜான் பாப்பரசர் வெளியிட்ட 1962 பதிப்பு. ஆயிரத்து நானூறு வருஷமா புனிதர்கள் கேட்ட அதே வார்த்தைங்க அந்த பீடத்துல முணுமுணுப்பா போயிட்டு இருக்குன்னு நினைக்கிறப்ப எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும்.

அந்த முணுமுணுப்பு, அந்த மௌனம், இதுதான் புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப கஷ்டம், அதனால இத கொஞ்சம் நிதானமா சொல்றேன். சாங்துஸ் முடிஞ்சதும் சத்தமே இருக்காது. பத்து நிமிஷம் போல. என்ன பண்றதுன்னு தெரியாம கை பரபரக்கும், புத்தகத்த புரட்ட தோணும். புரட்டாதீங்க. பூசைக்கு நாலு நோக்கம்னு சொல்லிக்குடுப்பாங்க: ஆராதனை, பரிகாரம், நன்றி, மன்றாட்டு. இத பூசைக்குள்ள அப்படியே பங்கு போட்டுக்கலாம். ஆரம்பத்துல இருந்து சுவிசேஷம் வரைக்கும் நீரே என் தேவன், நான் ஒண்ணுமில்லன்னு ஆராதிக்கிறது. சுவிசேஷத்துல இருந்து எழுந்தேற்றம் வரைக்கும், அதாவது ஃபாதர் ஓஸ்தியையும் (வட்டமான திரு அப்பம்) கிண்ணத்தையும் உயர்த்துற வரைக்கும், நம்ம பாவங்களுக்கு இந்த பலிய ஒப்புக்குடுக்கிறது. எழுந்தேற்றத்துல இருந்து நன்மை வரைக்கும் நன்றி. நன்மைல இருந்து கடைசி வரைக்கும் கேக்க வேண்டியதெல்லாம் கேக்குறது. லத்தீன் ஒரு வார்த்தை தெரியாத ஒரு பாட்டி இத வாழ்நாள் பூரா பண்ணியிருப்பாங்க, அவங்க பூசைல பங்கெடுக்கலன்னு யாரும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, இது என் மனசுக்கு ரொம்ப பிடிச்சது. அந்த மௌனத்துக்குள்ள ஃபாதர் ரெண்டு இடத்துல கைய கூப்பி கொஞ்ச நேரம் அப்படியே நிப்பார். முதல் இடம் எழுந்தேற்றத்துக்கு முன்னாடி, அங்க உயிரோட இருக்கிறவங்கள நினைக்கிறார். ரெண்டாவது எழுந்தேற்றத்துக்கு அப்புறம், அங்க இறந்தவங்கள நினைக்கிறார். நீங்களும் அப்ப பேர் சொல்லி நினைங்க. நான் வீட்லயே ஒரு துண்டு பேப்பர்ல ரெண்டு பக்கமா பேரு எழுதி வச்சிருக்கேன், ஒரு பக்கம் உயிரோட இருக்கிறவங்க, மறுபக்கம் போய் சேந்தவங்க. எங்கப்பா பேரு போன வருஷம் அந்த பக்கத்துல இருந்து இந்த பக்கத்துக்கு மாறிடுச்சு. அதுக்கு அப்புறம் அந்த ரெண்டாவது மௌனத்துக்காகவே வாரம் பூரா காத்திருக்கேன்.

மணிய கவனிங்க, அதுதான் நமக்கு வழிகாட்டி. சாங்துஸுக்கு மூணு தடவ. அப்புறம் ஃபாதர் ரெண்டு கையையும் அப்பம் ரசத்துக்கு மேல விரிக்கிறப்ப ஒரு தடவ, தயாராகுங்கன்னு அர்த்தம். அப்புறம் எழுந்தேற்றம். ஓஸ்திய உயர்த்துறப்ப தலைய குனிஞ்சே இருக்காதீங்க, நிமிந்து பாருங்க, உயர்த்துறதே நாம பாக்கணும்னுதான். பாத்து "என் ஆண்டவரே, என் தேவனே"ன்னு தோமையார் சொன்னத மனசுக்குள்ள சொல்லுங்க, அப்புறம் குனிஞ்சு ஆராதிங்க. பரலோக மந்திரம் ஃபாதர் மட்டும் சொல்லுவார், பாட்டு பூசைல பாடுவார், நாம கடைசில "சேத் லிபேரா நோஸ் ஆ மாலோ"ன்னு மட்டும் சேந்துக்கணும், தெரியாம முழுசையும் கூட ஆரம்பிச்சிடுறது சகஜம்.

நன்மை வாங்க போறப்ப பீடத்துக்கு முன்னாடி தடுப்பா இருக்கிற கிராதில முழங்கால் போட்டு வரிசையா இருக்கணும், கைல தர்றது இல்ல, நாக்குலதான். கிராதில வெள்ளத்துணி விரிச்சிருந்தா கை ரெண்டையும் துணிக்கு அடில வைங்க. தலைய கொஞ்சம் பின்னாடி சாய்ச்சு, வாய நல்லா திறந்து, நாக்க கீழ் உதட்டுக்கு மேல நீட்டி, அசையாம இருங்க, நாமளே முன்னாடி போய் கவ்வக்கூடாது. ஃபாதர் லத்தீன்ல ஒரு நீளமான ஜெபம் சொல்லி அவரே ஆமென் சொல்லிடுவார், நாம ஆமென் சொல்ல வேண்டாம், இது புதுசா வர்ற எல்லாருக்கும் தடுமாறும். நன்மை வாங்குற நிலைல இல்லன்னா, இல்ல நீங்க கத்தோலிக்கர் இல்லன்னா, பெஞ்சுலயே முழங்கால்ல இருங்க. இந்த சாப்பல்கள்ல ஒவ்வொரு பெஞ்சா கிளம்பி எல்லாரும் போகணும்ங்கிற கட்டாயம் இருக்காது, ஏன் போகலன்னு யாரும் கேக்கமாட்டாங்க, கேக்கவும் கூடாது. அந்த நேரத்துல ஞான நன்மை வாங்கலாம்: ஆண்டவரே உம்ம வாங்க ஆசையா இருக்கேன், இப்ப முடியல, என் இருதயத்துக்குள்ள வாரும்னு உங்க சொந்த வார்த்தைல சொன்னா போதும்.

பூசை முடிஞ்சதும் யாரும் எந்திரிக்காம இருக்கிறத பாத்து நீங்க குழம்புவீங்க. சின்ன பூசைன்னா பீடத்துக்கு முன்னாடி முழங்கால்ல மூணு அருள்நிறை மந்திரம், கிருபைதயாபத்து மந்திரம், மிக்கேல் சம்மனசானவர் ஜெபம் எல்லாம் சொல்லுவாங்க, 1884ல 13ஆம் லியோ பாப்பரசர் எல்லா இடத்துலயும் சொல்லச் சொன்னது, மிக்கேல் சம்மனசானவர் ஜெபத்த மட்டும் 1886ல சேத்தார். அப்புறமும் பத்து பதினஞ்சு நிமிஷம் அப்படியே நன்றி சொல்லிட்டு இருப்பாங்க. நீங்களும் இருங்க. அரட்டை எல்லாம் வெளிய வந்து.

குழந்தைங்க விஷயம். இதுக்காகவே வராம இருக்கிற குடும்பங்க எனக்கு தெரியும், தயவுசெஞ்சு வாங்க. இந்த சாப்பல்கள்ல குழந்தைங்க நிறைய இருக்கும், சத்தமும் இருக்கும். சிணுங்கினா மடில வச்சுக்கோங்க, கத்தினா வெளிய தூக்கிட்டு போங்க, அடங்கினதும் திரும்ப கூட்டிட்டு வாங்க, வெளியவே விளையாட விட்டா அழுதா விளையாடலாம்னு கத்துக்கும். கடைசி பெஞ்சுல ஒளிச்சு வைக்கிறத விட பீடம் தெரியிற மாதிரி ஓரமா உக்கார வைங்க. மெழுகுவத்தி எத்தனன்னு எண்ணச் சொல்லுங்க, சின்ன பூசைக்கு ரெண்டு, பாட்டு பூசைக்கு பெரும்பாலும் ஆறு. இன்னிக்கு ஃபாதர் என்ன கலர்ல வந்திருக்கார், தூபக்கலசம் எந்தப்பக்கம் ஆடுது, புத்தகம் வலதுல இருந்து இடதுக்கு எப்ப போச்சு, இதெல்லாம் காதுகிட்ட மெதுவா கேளுங்க. என் பையன் பேச வந்த புதுசுல, மணி அடிச்சா "சேசு"ன்னு விரல் நீட்டுவான், அத நான் சொல்லிக்குடுக்கல. 1910ல 10ஆம் பயஸ் பாப்பரசர் புத்தி விவரம் வந்த பிள்ளைங்களுக்கு, ஏழு வயசு போல, புதுநன்மை குடுக்கலாம்னு சொன்னதே பிள்ளைங்களால சேசுவ தெரிஞ்சுக்க முடியும்ங்கிற நம்பிக்கைலதான். உங்க குழந்தை அழுதுச்சுன்னு யாராவது முறைச்சா மனசுல வச்சுக்காதீங்க, எங்களுக்கும் நடந்துச்சு, நான் அடுத்த வாரம் வரவேண்டாம்னே நினைச்சேன், பின்னாடி இருந்த ஒரு வயசான அம்மா வெளிய வந்து பையன வாங்கிக்கிட்டு "நீ உள்ள போம்மா, எழுந்தேற்றம் வருது"ன்னாங்க. இப்ப நான் அத மத்த அம்மாங்களுக்கு பண்றேன்.

முதல் நாலு வாரம் புத்தகமே வேண்டாம்ங்கிறது என் கருத்து. அஞ்சாவது வாரம் ஒரு பக்கம் லத்தீன், ஒரு பக்கம் நமக்கு தெரிஞ்ச மொழின்னு இருக்கிற பூசை புத்தகம் ஒண்ணு வாங்குங்க, இல்ல வாசல்ல இருக்கிற சின்ன புத்தகத்த எடுத்துக்கோங்க. அதுல மாறாத பகுதி ஒண்ணு, நாளுக்கு நாள் மாறுற பகுதி ஒண்ணு. மாறாத பகுதிக்கு ஒரு ரிப்பன், அந்த ஞாயிறுக்கு ஒரு ரிப்பன், சனிக்கிழமை ராத்திரியே போட்டு வச்சிடுங்க, அப்பவே அந்த நிருபத்தையும் சுவிசேஷத்தையும் வீட்ல எல்லாரும் உக்காந்து ஒரு தடவ படிச்சிடுங்க. வாசகங்க ஒரே வருஷ சுத்துதான், ஒவ்வொரு வருஷமும் அதே ஞாயிறுக்கு அதே சுவிசேஷம், அதனால ரெண்டு மூணு வருஷத்துல ஞாயிறு பேரு சொன்னாலே சுவிசேஷம் ஞாபகம் வரும். பூசைல தொலைஞ்சு போயிட்டா தேடிட்டு இருக்காதீங்க, மூடி வச்சிட்டு பீடத்த பாருங்க, அடுத்த மணி அடிக்கிறப்ப எங்க இருக்கோம்னு தெரிஞ்சிடும். பதில்களும் மெதுவா வரும், "எத் கும் ஸ்பிரித்து தூவோ", "தேயோ கிராத்சியாஸ்", ஒன்பது தடவ வர்ற கீரியே. எல்லாரும் சத்தமா பதில் சொல்ற சாப்பல் இருக்கு, உதவி பையன் மட்டும் சொல்றதும் இருக்கு, கேட்டுட்டு சேந்துக்கோங்க.

காலண்டர் பழைய முறைங்கிறதால தபசு காலத்துக்கு (தவக்காலம்) முன்னாடி மூணு ஞாயிறே ஊதா உடை வந்துடும், அல்லேலூயா நின்னுடும், கிறிஸ்து அரசர் திருநாள் அக்டோபர் கடைசி ஞாயிறு வரும், வருஷத்துல நாலு தடவ புதன் வெள்ளி சனின்னு மூணு நாள் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுசா சாப்பிடுற நாளுங்க வரும். இங்க ஒண்ணு கவனமா சொல்லணும். இன்னிக்கு சட்டப்படி கட்டாயமான ஒருசந்தி விபூதி புதனும் பெரிய வெள்ளியும்தான், மத்த ஒருசந்தியெல்லாம் விருப்பம். பழைய ஒழுங்கு எல்லாத்தையும் முதல் வருஷமே தூக்கி தலைல வச்சிட்டு மூணாவது மாசம் களைச்சுப்போய் வராம நின்னுபோனவங்கள பாத்திருக்கேன், நான் ஒருசந்தி இருக்கேன் நீ ஏன் இல்லன்னு வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டவங்களையும் பாத்திருக்கேன். வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்துல, அதாவது கறி சாப்பிடாம இருக்கிறதுல, ஆரம்பிங்க, அது நல்லா வேர் பிடிக்கட்டும். அதே மாதிரி நீங்க முன்னாடி போன பங்குல இருக்கிறவங்கள பத்தி, அங்க இருக்கிற ஃபாதர பத்தி குறைவா பேசுற பேச்சு உங்க காதுக்கு வந்தா அதுல சேராதீங்க, நமக்கு ஞானஸ்நானம் குடுத்தது அவங்கதான்.

நிறைய பேருக்கு சாப்பல் தூரமா இருக்கும், வாரத்துல ஒரு நாள்தான் போக முடியும். அப்ப மிச்ச ஆறு நாள் வீடுதான் சாப்பல். காலைல எந்திரிச்சதும் அந்த நாள சேசுவோட திரு இருதயத்துக்கு ஒப்புக்குடுக்கிற ஜெபம், ரெண்டு நிமிஷம். காலை, மதியம், சாயந்திரம் திரிகால ஜெபம், போன்ல அலாரம் வச்சுக்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபமாலை, நான் முன்னாடின்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, சாப்பிட்டதும் பிள்ளைங்க தூங்கிடும். அம்பத்துமூணு மணி முழுசா முடியலன்னா ஒரு பத்து மணியோட ஆரம்பிங்க, ஆனா தினமும். சந்தோஷம், துக்கம், மகிமைன்னு பதினஞ்சு தேவ இரகசியம்தான் இந்த குடும்பங்கள்ல பெரும்பாலும் சொல்லுவாங்க, ஒளியின் இரகசியங்க 2002ல 2ஆம் அருள் சின்னப்பர் பாப்பரசர் சேத்தது, அதையும் சொல்றவங்க இருக்காங்க. படுக்கப்போறப்ப ஆத்தும சோதனை, மனஸ்தாப மந்திரம். மாசத்துல முதல் வெள்ளி திரு இருதயத்துக்கு, ஒன்பது மாசம் விடாம நன்மை. முதல் சனி மாதாவுக்கு, அஞ்சு மாசம், அதுல பாவசங்கீர்த்தனம், நன்மை, ஜெபமாலை, அதோட தேவ இரகசியத்த தியானிச்சு பதினஞ்சு நிமிஷம் மாதாவோட இருக்கிறது, நாலையும் பரிகார கருத்தோட பண்ணணும், அந்த பதினஞ்சு நிமிஷத்த நிறைய பேர் விட்டுடுறாங்க. உத்தரியம் (கழுத்துல போட்டுக்கிற ரெண்டு சின்ன துணித்துண்டு) போட ஆசைன்னா கடைல வாங்கி நாமளே போட்டுக்கிறது இல்ல, ஃபாதர்கிட்ட கேட்டு முதல் தடவ அவர் கையால உடுத்திக்கணும், அது பிஞ்சுபோனா அடுத்தது நாமளே மாத்திக்கலாம்.

ரெண்டு மூணு மாசம் ஆனதும் என்ன வேலை இருக்குன்னு கேளுங்க. சாப்பல் சமூகம் சின்னது, வாடகை ஹால்ல பூசை நடக்கிற இடமும் உண்டு, பீடம் போடவும் எடுக்கவும் ஆள் வேணும், நாற்காலி அடுக்கணும், பூ வைக்கணும், பையனுக்கு பூசை உதவி கத்துக்குடுக்கணும், கிரகோரியன் பாட்டு குழுவுக்கு குரல் வேணும். பீடத்துணி துவைக்கிறது நான் பண்றேன். திருவுடலும் திரு இரத்தமும் பட்ட துணிங்கள ஃபாதர் முதல்ல தானே அலசி அந்த தண்ணிய மண்ணுல ஊத்தின பிறகுதான் நம்ம கைக்கு தருவார், அத வேற துணியோட சேக்காம தனியா துவைச்சு இஸ்திரி போடணும். வாரத்துல எனக்கு ரொம்ப அமைதியான அரை மணி நேரம் அதுதான்.

கடைசியா, இது எல்லா வீட்லயும் தெரிஞ்சிருக்க வேண்டியது, ஆனா தேவைப்படுறப்பதான் யாருக்கும் தெரியாதுன்னு தெரியவரும். வீட்ல யாராவது நோயா படுத்திருந்தா நினைவு தப்புற வரைக்கும் காத்திருக்காதீங்க, பேச முடியிறப்பவே ஃபாதர கூப்பிடுங்க, பாவசங்கீர்த்தனம் பண்ணி, அவஸ்தைப்பூசுதல் (நோயாளிக்கு மந்திரிச்ச எண்ணெய் பூசுறது) வாங்கி, நன்மையும் வாங்க முடியும். கட்டில் பக்கத்துல ஒரு சின்ன மேசை போட்டு வெள்ளத்துணி விரிங்க, பாடுபட்ட சுரூபம், ரெண்டு பக்கம் மந்திரிச்ச மெழுகுவத்தி, தீர்த்தம், ஒரு டம்ளர்ல சுத்தமான தண்ணி, ஸ்பூன், கொஞ்சம் பஞ்சு, கை துடைக்க ஒரு துண்டு. டிவிய நிறுத்துங்க. ஃபாதர் நற்கருணையோட வர்றார்னா வாசல்ல வச்சு வணக்கம் சொல்லி நலம் விசாரிக்க வேண்டாம், அவரும் பேசமாட்டார். யாராவது ஒருத்தர் மெழுகுவத்திய கொளுத்தி கைல பிடிச்சிட்டு வாசல்ல நில்லுங்க, அவர பாத்ததும் முழங்கால் போட்டு ஆராதிச்சிட்டு எந்திரிச்சு, ஒண்ணும் பேசாம கட்டில் வரைக்கும் முன்னாடி நடந்து கூட்டிட்டு போங்க. எங்கப்பாவுக்கு அந்த மெழுகுவத்திய என் பையன் பிடிச்சான். பாவசங்கீர்த்தனம் கேக்குறப்ப எல்லாரும் வெளிய போய் கதவ சாத்திடணும், ஃபாதர் கூப்பிட்டதும் உள்ள வந்து சுத்தி முழங்கால் போட்டுக்கணும்.